முரசுமோட்டை ஜெகதீஸ்வரி

அப்புத்துரையின் மாமனார் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஜெகதீஸ்வரி மேடைப் பக்கமே போயிருக்க மாட்டாள். எல்லாம் அந்த மனிதர் செய்த புண்ணியம். அவருக்கு அது கடைசிவரை தெரியாமலே போயிற்று.

கொழும்பு கொட்டாஞ்சேனையில் அந்த நாளில் வெண்பிறை நாடக மன்றம் என்று ஒன்று இருந்தது. கந்தோர்களில் கிளாக்கராக இருந்த வடபகுதிப் பொடியன்கள் பத்துப் பதினைந்து பேர் கூடி நடத்திய மன்றம். வருடத்துக்கு இரண்டு மூன்று நாடகம் போடுவார்கள். பெண்கள் எவரும் நடிக்க வருவதில்லை என்பதால், ஏழு வருடமாக அவர்களுடைய கதாநாயகி அப்புத்துரைதான். சேலை கட்டிக் கொண்டை வைத்து அவன் நடந்து வந்தால் பெண்களுக்கே பொறாமை வரும். 1957இல் அவனுக்குக் கலியாணமாயிற்று. தாலி ஏறிய மறுநாளே மாமனார் மருமகனைக் கூப்பிட்டு, "தம்பி, மீசையை வளருங்கோ. என்ர பெட்டைக்கு மீசையில்லாத புருசன் வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்.

அடுத்த நாடகத்துக்கு அப்போது மூன்று கிழமைதான் இருந்தது. மண்டபம் பேசியாயிற்று, ரிக்கற் பாதி விற்றாயிற்று. அப்புத்துரை முளைவிட்ட மீசையோடு வந்து நின்று, "என்னை மன்னியுங்கோ" என்று கண்ணைக் கசக்கினான். மன்றத்துச் செயலாளர் ஐயாத்துரை தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அந்த மன்றத்தில் செல்வநாயகம் என்று ஒருவர் இருந்தார். துறைமுகப் பண்டகசாலையில் கணக்கெழுதும் சாது மனிதர். ஒருநாளும் மேடையில் ஏறியதில்லை. திரைக்குப் பக்கத்தில் நாடகம் எழுதிய கொப்பியோடு நின்று, நடிப்பவன் வசனத்தை மறந்தால் மெல்ல எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. அதற்காகத் தினமும் வீட்டில் நாடகம் முழுவதையும் ஒருதரம் வாய்விட்டு வாசிப்பார். ஒற்றை அறை வீடு. அவர் வாசிக்க, மனைவி ஒரு மூலையில் சமைத்துக்கொண்டிருப்பாள். அந்த மனைவிதான் ஜெகதீஸ்வரி. அப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது.

அன்று அவர் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்து விசயத்தைச் சொன்னார். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுபலகையில் இருந்தபடியே, "உந்த வீட்டுக்காரியின்ர வசனந்தானே? இதென்ன பெரிய வித்தையே?" என்றவள், எழும்பி நின்று ஒரு பிடி பிடித்தாள். நாடகத்தின் பெயர் 'ஏழாம் நம்பர் வீடு'. வீட்டுக்குள் வந்து குந்திக்கொண்டு எழும்பாத கணவனின் கூட்டாளிகளை வீட்டுக்காரி அடித்து விரட்டும் கட்டம். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரி அகப்பையோடு ஓடி வந்துவிட்டாள், புருசன் பெண்சாதி சண்டை என்று நினைத்து. செல்வநாயகம் கொப்பியைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். ஒரு சொல் பிசகவில்லை.

"நீர் நடிப்பீரோ?" என்று கேட்டார்.

"நீங்கள் பக்கத்திலை நிண்டால் நடிப்பன்," என்றாள் அவள்.

அந்தக் குரல் கொழும்பில் முளைத்ததல்ல. ஜெகதீஸ்வரி சுழிபுரத்தில் பிறந்தவள். தாய் சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாள். 1950இல் தகப்பன் வீரகத்தி, குடியேற்றத் திட்டத்தில் முரசுமோட்டையில் மூன்று ஏக்கர் கிடைத்ததும், மகன் பரமலிங்கத்தையும் மகளையும் கூட்டிக்கொண்டு ஆனையிறவைத் தாண்டி வந்தார். காடு வெட்டி, கட்டை பிடுங்கி, வரம்பு கட்டி நெல் விதைத்தார்கள். கதிர் பால்பிடிக்கும் காலத்தில் குருவி கலைப்பது பன்னிரண்டு வயது ஜெகதீஸ்வரியின் பொறுப்பு. மற்ற வயல்களில் தகரம் தட்டினார்கள். வீரகத்தியின் வயலுக்குத் தகரம் தேவைப்படவில்லை. பக்கத்து வயல்காரர் நடராசா, "வீரகத்தி அண்ணை, உங்கட மோள் போடுற சத்தத்துக்கு ஊர்க் குருவியெல்லாம் என்ர வயலிலை வந்து விழுகுது" என்று முறைப்பாடு சொல்லுமளவுக்கு இருந்தது அவள் தொண்டை.

இரண்டு வருடத்தில் காய்ச்சல் வந்து வீரகத்தி செத்துப்போனார். செத்தவரைச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய் எரிப்பதுதான் குடியேறி வந்தவர்களின் வழக்கம். மார்கழி மழை, பாதை முழுக்க வெள்ளம், லொறிக்காரன் வர மறுத்துவிட்டான். முரசுமோட்டைக் காட்டோரத்திலேயே எரித்தார்கள். சுழிபுரத்துச் சொந்தக்காரர்கள் அதை வருடக்கணக்காகச் சொல்லிக் காட்டினார்கள். பிறகு பரமலிங்கம்தான் தங்கச்சியைச் செல்வநாயகத்துக்குக் கட்டிக் கொடுத்துக் கொழும்புக்கு அனுப்பினார்.

அந்தக் குடியேற்றத்துச் சனத்தின் கோலமே அப்படித்தான். உழுவது இங்கே, விதைப்பது இங்கே, உண்பது இங்கே. ஆனால் "எந்த ஊர்?" என்று எவராவது கேட்டால் ஒருவர் வாயிலும் முரசுமோட்டை வராது. சுழிபுரம், கரவெட்டி, புங்குடுதீவு என்றுதான் வரும். பதினைந்து வருடம் இருந்தவனும் வன்னிக்குத் தோட்டம் செய்ய வந்து நிற்பவன் மாதிரியே கதைப்பான். கலியாணம் அங்கே, கோயில் திருவிழா அங்கே. நெல்லை மட்டும் இங்கே விளையவைத்துக் கொள்வார்கள்.

சரி, கொழும்புக்கு வருவோம். நோட்டீஸ் அடிக்கவேண்டிய நாள் வந்தது. நடிகர்களின் பெயருக்கு முன்னால் அவரவர் ஊரைப் போடுவது எங்கள் ஆட்களின் பழக்கம். உடுவில் இன்னார், கரவெட்டி இன்னார் என்று வரிசையாக வரும். ஜெகதீஸ்வரியின் முறை வந்ததும் ஐயாத்துரை பேனையைக் கடித்தார்.

"தங்கச்சி, உமக்குக் 'குமாரி ஜெயா' எண்டு போடுவம். கவர்ச்சியா இருக்கும்."

"குமாரியோ? என்ர புருசன் அந்தா கொப்பியோடை நிக்கிறார், கண் தெரியேல்லையே உங்களுக்கு? என்ர பேர் ஜெகதீஸ்வரி. ஊர் முரசுமோட்டை. உங்கள் எல்லாருக்கும் போட்ட மாதிரி எனக்கும் போடுங்கோ."

"முரசுமோட்டையோ? அதெங்கை இருக்குது?"

"பரந்தனிலை இறங்கி முல்லைத்தீவு றோட்டாலை போங்கோ. வழியிலை ஆரைக் கேட்டாலும் காட்டுவினம்."

அப்படித்தான் கொழும்புச் சுவர்களில் முதன்முதலாக அந்த ஊரின் பெயர் ஒட்டப்பட்டது. நாடகம் எப்படி நடந்தது என்று கேட்கவும் வேண்டுமா? கதாநாயகனாக நடித்த கிளாக்கர் உண்மையான பெண்ணை எதிரில் கண்டதும் நாக்கு ஒட்டிப் போய் நின்றான். செல்வநாயகம் பக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தும் அவன் காதில் ஏறவில்லை. ஜெகதீஸ்வரி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அவன் சொல்லவேண்டிய வசனத்தையும் தானே சொல்லி, "இதைத்தானே சொல்லப் போறியள்? இதுக்கு என்ர பதிலையும் கேளுங்கோ" என்று தன்னுடையதையும் சொன்னாள். சனம் அது நாடகத்தில் உள்ளது என்றே நினைத்துக் கைதட்டிற்று. அடுத்த மாதமே அதே நாடகம் இரண்டாம் தரம் மேடையேறிற்று.

முல்லைத்தீவுச் சரீப் நானா கருவாடு வியாபாரி. மாதம் ஒருதரம் கொழும்புக்குப் போய் வருவார். பரமலிங்கத்தின் நெல்லையும் அவர்தான் வாங்குவது. புறக்கோட்டைச் சுவரில் அந்த நோட்டீசைக் கண்டதும் மனுசனுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பக்குவமாகத் தண்ணீர் தொட்டு உரித்தெடுத்து, மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து பரந்தன் சந்தியில் வைத்துப் பரமலிங்கத்தின் கையில் கொடுத்தார்.

"தம்பி, உங்கட தங்கச்சி உங்கட ஊர்ப் பேரைக் கொழும்பு முழுக்க ஒட்டி வைச்சிருக்கிறா. வாசிச்சுப் பாருங்கோ!"

நல்ல மனதோடு செய்த காரியம். ஆனால் பக்கத்தில் நடராசா நின்றார். வெறும் வாயை மெல்லுகிறவருக்கு அவல் கிடைத்தால் விடுவாரா? பொழுது சாய்வதற்குள் முரசுமோட்டையில் தெரியாத ஆள் இல்லை. வீரகத்தியின் மகள் கூத்தாடுகிறாளாம். அதுவும் ஊர்ப் பெயரைப் போட்டுக்கொண்டு ஆடுகிறாளாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

நான்காம் நாள் பரமலிங்கம் இரவு மெயில் ஏறிக் கொழும்புக்கு வந்தார். கையில் ஒரு சாக்கு அரிசி, மனதில் ஒரு சாக்குக் கோபம். தங்கச்சி போட்ட தேத்தண்ணியைத் தொடவில்லை.

"நடிக்காதை எண்டு நான் சொல்லேல்லை," என்று தொடங்கினார். "அது உன்ர புருசன்ர பாடு. பேரைப் போடு, இல்லாட்டில் வேறை பேரைப் போடு. ஊரைப் போடாதை. எனக்கு ரெண்டு பெட்டையள் இருக்குது. நாளைக்கு மாப்பிளை கேக்கப் போனால், 'ஓ, அந்த நாடகக்காரியின்ர ஊரோ' எண்டு கேப்பினம்."

"மாப்பிளை கேக்கப் போகேக்கை எந்த ஊர் எண்டு சொல்லுவியள் அண்ணை?"

"சுழிபுரம் எண்டுதான்."

"அப்ப நான் சுழிபுரத்தைப் போட்டனானே? உங்கட ஊருக்கு நான் ஒரு கறையும் வைக்கேல்லையே. நீங்கள் வேண்டாமெண்டு விட்ட ஊரைத்தானே நான் எடுத்தனான்."

"விசர்க்கதை கதையாதை. அது காடு. ஊர் எண்டுறது கோயில், குளம், சொந்தம், பந்தம்."

"அப்பாவை எரிச்ச இடம் ஊரில்லையோ?" என்று கேட்டாள் ஜெகதீஸ்வரி. கேட்டதும் கண் நிறைந்துவிட்டது. துடைக்கவில்லை. "அந்தக் கட்டையளைப் பிடுங்கிப் பிடுங்கித்தானே அவர் செத்தவர்? என்னைக் கேட்டால் அவர் பேரையும் சேர்த்துப் போட்டிருக்கவேணும். நோட்டீசிலை இடம் காணாது. முரசுமோட்டை நிக்கும் அண்ணை. என்னை வெட்டிப் போட்டாலும் நிக்கும்."

பரமலிங்கம் அரிசிச் சாக்கை வைத்துவிட்டு அன்றே திரும்பிவிட்டார். அந்த அரிசியைச் சமைக்கும்போதெல்லாம் அவள் அண்ணனுக்கும் ஒரு பிடி சேர்த்துப் போட்டாள். அண்ணன்மேல் அவளுக்கு உயிர். அதற்காக நோட்டீசை மாற்றிவிடவில்லை.

அடுத்த வருடம், ஐம்பத்தெட்டில், தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. கொட்டாஞ்சேனையில் இருந்த ஒற்றை அறையும், சேலைகளும், நாடகக் கொப்பிகளும் போயின. புருசனும் பெண்சாதியும் உடுத்த உடுப்போடு முகாமில் கிடந்து, கப்பலேறிக் காங்கேசன்துறையில் இறங்கினார்கள். அங்கிருந்து நேரே முரசுமோட்டைக்குத்தான் வந்தார்கள். பரமலிங்கம் சொந்தக் கையால் கொட்டில் போட்டுக் கொடுத்தார். அவர் மனைவி சிவனேஸ்வரி, எவர் பேச்சுக்கும் எதிர்ப்பேச்சுப் பேசியறியாத பெண், தன்னுடைய நல்ல சேலைகளில் இரண்டை எடுத்து மச்சாளிடம் நீட்டினாள்.

மூன்று மாதம் கழித்து செல்வநாயகத்துக்கு வேலைக்குத் திரும்பச் சொல்லிக் கடிதம் வந்தது. அதே தபாலில் ஐயாத்துரையின் கடிதமும் வந்தது. கார்த்திகையில் நாடகம் போடுகிறோம், வருவீரா இல்லையா என்று கேட்டிருந்தார்.

"அவர் போகட்டும். நீ நில்," என்றார் பரமலிங்கம். "உயிரோடை வந்ததே பெரிய காரியம். உன்னை அடிச்சுக் கலைச்ச ஊருக்குப் போய் ஆடிக் காட்டப் போறியே? ஆபத்தெண்டதும் எங்கை ஓடி வந்தனி? இஞ்சைதானே?"

"அதைத்தானே அண்ணை நானும் சொல்லிக்கொண்டிருக்கிறன்," என்றாள் அவள். "என்ர ஊர் இதெண்டு. இஞ்சை ஓடி வந்தனான், இஞ்சையிருந்துதான் திரும்பிப் போவன். எரிச்சுப்போட்டாங்கள் எண்டு நான் ஒளிச்சு இருந்தால் எரிச்சவனுக்கெல்லே வெற்றி?"

போனாள். கார்த்திகை நாடகத்துக்கு மண்டபத்தில் பாதிக் கதிரை வெறுமையாக இருந்தது. பயத்தில் சனம் வரவில்லை. வந்த பாதிக்கு அவள் முழு மண்டபத்துக்கும் நடிப்பதுபோல நடித்தாள். அதற்குப் பிறகு அவளுக்கு ஏறுமுகம்தான். ராணி, கள்ளி, விதவை, பொலிஸ்காரன் பெண்சாதி, மாமியார் என்று ஆறு வருடத்தில் முப்பதுக்கு மேல் வேசம். வேறு மன்றங்களும் வீடு தேடி வந்தன. மேடைக்குக் கீழே கைதட்டிய அதே பெண்கள் கலியாண வீடுகளில் அவளுக்குப் பக்கத்தில் இருக்காமல் எழும்பிப் போனதும் உண்டு. ஒருதரம் அப்படி ஒருத்தி எழும்பினபோது, "அக்கா, அப்பிடியே வெத்திலைத் தட்டத்தையும் எடுத்துக்கொண்டு வாங்கோ" என்று சொல்லி அனுப்பினாள் ஜெகதீஸ்வரி. எங்கே போனாலும் நோட்டீசில் முரசுமோட்டை இருந்தது. கொழும்பில் அந்த ஊரின் பெயர் தெரியாத தமிழன் இல்லை என்று ஆயிற்று. ஆனால் அந்த ஆறு வருடமும் அண்ணனிடமிருந்து ஒரு கடிதம் இல்லை.

அறுபத்துநாலு மார்கழியில் அடித்த புயல் முரசுமோட்டைப் பள்ளிக்கூடத்தின் கூரையைக் கழற்றிக்கொண்டு போயிற்று. பிள்ளைகள் மரத்தடியில் இருந்து படித்தார்கள். ஊர் கூடிக் கூரைக் கமிட்டி என்று ஒன்றை வைத்தது. தலைவர், வேறு ஆர், நடராசாதான். காசுக்கு என்ன வழி என்று யோசித்தபோது, கொழும்பு மன்றத்தைக் கூப்பிட்டு ஒரு நாடகம் போட்டால் கிளிநொச்சி, கனகராயன்குளம் எல்லாம் திரண்டு வரும் என்று எவனோ சொன்னான். ஆரைப் பார்க்க வரும் என்பதை மட்டும் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. நடராசா வெண்பிறை மன்றத்துக்குக் கடிதம் எழுதினார். கடைசியில் ஒரு வரி இருந்தது. நடிகையின் பெயருக்கு முன்னால் எமது ஊரின் பெயரைத் தவிர்த்துக்கொள்ளவும்.

ஜெகதீஸ்வரி வாசித்தாள். ஐயாத்துரையிடம், "எழுதுங்கோ," என்றாள். "நான் சம்பளம் இல்லாமல் வாறன். மன்றத்து ஆக்களும் கோச்சி ரிக்கற் காசைத் தங்கட கையாலை போடுவினம். எனக்கு ஒண்டும் வேண்டாம், என்ர முழுப் பேர் மாத்திரம் வேணும்." பதில் வந்தது. ஆகட்டும், நேரில் எல்லாம் பேசிக்கொள்ளலாம் என்று. அதை அவள் நம்பினாள். அவ்வளவு நாள் கொழும்பில் இருந்தும் ஊர்ப் பெரிய மனிதர்களின் 'பேசிக்கொள்ளலாம்' எப்படிப்பட்டது என்பது அவளுக்கு மறந்து போயிருந்தது.

சித்திரையில் ஒருநாள் காலை பரந்தன் ஸ்டேசனில் இறங்கினார்கள். சுவரில் பெரிய எழுத்தில் நோட்டீஸ். 'கொழும்பு ஜெகதீஸ்வரி நடிக்கும் ஏழாம் நம்பர் வீடு.'

அவள் பெட்டியை நிலத்தில் வைத்தாள். இரண்டு தரம் வாசித்தாள். கொழும்பு ஜெகதீஸ்வரியாம்! எரித்துக் கலைத்த ஊரை அவள் தலையில் கட்டிவிட்டு, வளர்த்த ஊரைப் பிடுங்கியிருக்கிறார்கள். செல்வநாயகம் மெல்ல, "திரும்பிப் போவமோ?" என்று கேட்டார். மனைவி ஓம் என்றால் அந்த நிமிடமே திரும்பியிருப்பார்.

"போகேலாது," என்றாள். "பிள்ளையள் வெயிலிலை இருக்குதுகள்."

பொழுது படும் நேரத்துக்குள் பள்ளிக்கூட வளவு நிரம்பிவிட்டது. உழவு மெசின்களுக்குப் பின்னால் பூட்டிய பெட்டிகளில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்கினார்கள். ஒரு பக்கம் ஆண்கள், மற்றப் பக்கம் பாய் விரித்துப் பெண்கள், முன்னால் கமிட்டிக்காரருக்குக் கதிரை. சரீப் நானா முல்லைத்தீவிலிருந்து லொறி நிறைய ஆட்களைக் கொண்டுவந்திருந்தார். மேடைக்குப் பின்னால் ஒரு கொட்டிலில் ஜெகதீஸ்வரி வேசம் போட்டு முடித்துவிட்டு நடராசாவைக் கூப்பிடச் சொன்னாள்.

"நடராசா அண்ணை, நோட்டீஸ் போனால் போகட்டும். இப்ப மைக்கிலை அறிவிக்கேக்கை என்ர முழுப் பேரையும் சொல்லுங்கோ. அது போதும்."

நடராசா தோளில் கிடந்த சால்வையை இழுத்து விட்டார். "பிள்ளை, நீ கெட்டிக்காரிதான். நான் மறுக்கேல்லை. ஆனால் ஊருக்கெண்டு ஒரு மானம் மரியாதை இருக்குது. நான் செத்தாலும் சொல்லன்."

"அப்பிடியோ?"

"அப்பிடித்தான். நீ ஆடாமல் போனாலும் சரி. சனத்துக்குக் காசைத் திருப்பிக் குடுப்பம். கூரை இல்லாமல் போனது உன்னாலைதான் எண்டும் சொல்லுவம்."

பார்த்தீர்களா மனிதரை! கூரையைக் காட்டி அவள் கழுத்தில் சுருக்குப் போட்டார். ஆடினால் பெயர் போகும், ஆடாவிட்டால் பிள்ளைகளின் கூரை போகும். ஜெகதீஸ்வரி சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, திரையை விலக்கி மேடைக்கு முன்னால் வந்தாள். மைக்கைத் தள்ளி வைத்தாள். அவளுக்கு அது எதற்கு?

"எல்லாருக்கும் வணக்கம். நாடகம் இப்ப தொடங்கும். அதுக்கு முதல் நான் உங்களிட்டை ஒண்டு கேக்கவேணும்." முன் கதிரையில் இருந்த கமிட்டிக்காரர் ஒருவரைப் பார்த்தாள். "ஐயா, உங்கட ஊர் எது?"

அவர் திடுக்கிட்டு, "கரவெட்டி" என்றார்.

"நீங்கள்?"

"புங்குடுதீவு."

"நடராசா அண்ணை, நீங்கள்?"

நடராசாவுக்கு ஏதோ மணத்தது. ஆனால் அத்தனை சனத்துக்கு முன்னால் சொந்த ஊரைச் சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை. "வட்டுக்கோட்டை," என்றார் நெஞ்சை நிமிர்த்தி. இப்படியே ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனாள். பத்துப் பேரைக் கேட்டிருப்பாள். பத்து ஊர் வந்தது, முரசுமோட்டை வரவில்லை. சனத்துக்கு இப்போது விளங்கத் தொடங்கிவிட்டது. ஆண்கள் பக்கத்தில் சிலர் நிலத்தைப் பார்த்தார்கள்.

கடைசியில், வேலியோரத்தில் கை கட்டிக்கொண்டு நின்ற ஒருவர்மேல் அவள் கண் விழுந்தது. நாடகத்துக்கு வரமாட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்த அண்ணன் வந்திருந்தார்.

"அண்ணை," என்றாள். குரல் முதன்முதலாகச் சற்றுப் பிசகியது. "உங்கட ஊர் எது?"

தங்கச்சி என்ன கேட்கிறாள் என்பது பரமலிங்கத்துக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அவரும் வீரகத்தியின் பிள்ளை. பிடித்த பிடியை விடுகிற சாதி இல்லை.

"சுழிபுரம்," என்றார்.

அந்தச் சொல் அவளைச் சுட்டுவிட்டது. வேறு எவர் சொன்னாலும் தாங்குவாள், அண்ணன் சொல்லமாட்டார் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது. ஒரு கணம் உதட்டைக் கடித்தாள். பிறகு தலையை நிமிர்த்தினாள்.

"நல்லது அண்ணை. எல்லாரும் கேட்டனியள்தானே? முரசுமோட்டை ஆருக்கும் வேண்டாமாம். தலைவருக்கு வேண்டாம், கமிட்டிக்கு வேண்டாம், கூடப் பிறந்தவருக்கும் வேண்டாம். ஆருக்கும் இல்லாத சாமானை எடுத்தால் அது களவில்லை. இண்டையிலிருந்து இந்த ஊர் என்ர. மானம் போகுதெண்டால் அது என்ர மானம், நான் பாத்துக்கொள்ளுறன்!"

ஆண்கள் பக்கம் கல்லடி பட்ட குளவிக்கூடாக இரைந்தது. நடராசா கதிரையை விட்டு எழும்பி, "இதென்ன கண்டறியாத பேச்சு" என்று கத்தினார். அந்த இரைச்சலுக்குள், பெண்கள் இருந்த பாயிலிருந்து ஒருத்தி எழும்பி நின்றாள். சிவனேஸ்வரி. பரமலிங்கத்தின் மனைவி.

"மச்சாள், முழுக்க நீங்கள் எடுக்கேலாது," என்றாள். நடுங்கிக்கொண்டுதான் சொன்னாள், ஆனாலும் சொன்னாள். "எனக்கும் பங்கு இருக்குது. நாலு பிள்ளையளையும் நான் இஞ்சைதான் பெத்தனான். இவர் வேணுமெண்டால் சுழிபுரத்துக்குப் போகட்டும். என்ர ஊர் முரசுமோட்டை."

முதலில் ஒரு சிரிப்பு வெடித்தது. பிறகு, "எனக்கும்தான்" என்று இன்னொருத்தி எழும்பினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் எழும்பினாள். "என்ர புருசனுக்குக் கேக்கட்டும், எனக்கும்தான்!" என்று ஒரு கிழவி கத்தினாள். எல்லாரும் எழும்பினார்கள் என்று புழுக மாட்டேன். பாதிப் பெண்கள் எழும்பினார்கள். ஆண்களில் ஏழெட்டுப் பேர். அந்த ஏழெட்டுப் பேரும் முன் கதிரைகளில் இருந்தவர்கள் இல்லை. சரீப் நானா பின்னால் நின்றபடி, "தலைவர், இனியாவது அறிவியுங்கோ. லொறி மூண்டு மைல் முல்லைத்தீவுப் பாதையிலை சும்மா வரேல்லை!" என்றார். "நானா, மூண்டு இல்லை, முப்பது மைல்" என்று எவனோ திருத்தினான். "கோவத்திலை கணக்கு வருதில்லை" என்றார் நானா.

நடராசா அறிவிக்கவில்லை. அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார், அந்த மட்டில் அவரும் ஆண்பிள்ளைதான். ஜெகதீஸ்வரியே அறிவித்தாள். "வெண்பிறை நாடக மன்றம் நடத்தும் ஏழாம் நம்பர் வீடு. வீட்டுக்காரியாக நடிப்பது, முரசுமோட்டை ஜெகதீஸ்வரி." பெண்கள் பக்கத்திலிருந்து வந்த கைதட்டல் அடங்கச் சில நிமிடம் பிடித்தது. அன்று அவள் அந்த வீட்டிலிருந்து கூட்டாளிகளை விரட்டிய விரட்டில், கூட்டாளியாக நடித்த கிளாக்கர் ஒருவன் உண்மையாகவே பயந்து மேடையால் குதித்துவிட்டான். கூரைக்கு வேண்டிய காசு சேர்ந்துவிட்டது, ஓடு போட்ட பிறகும் மிஞ்சிற்று.

நாடகம் முடிந்ததும் சிவனேஸ்வரி மச்சாளையும் செல்வநாயகத்தையும் கையில் பிடித்துத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போய், சோறு போட்டு, பாய் விரித்து, கதவையும் சாத்திவிட்டாள். பரமலிங்கம் வெகு நேரம் வயல் வரம்பில் நின்றுவிட்டு வந்தார். கதவைத் தட்டினார்.

"ஆரது?" என்று உள்ளேயிருந்து சிவனேஸ்வரியின் குரல் கேட்டது.

"நான்தான். திற."

"எந்த ஊர்?"

பரமலிங்கம் திகைத்துப் போனார். பதினைந்து வருடத்தில் அந்த மனுசி அவரை எதிர்த்து ஒரு கேள்வி கேட்டதில்லை. "விசரே உனக்கு? திறவடியப்பா."

"ஊரைச் சொன்னால் திறக்கிறன். சுழிபுரத்து ஆக்கள் எண்டால் கடைசி பஸ் போயிட்டுது. விடியத்தான் அடுத்தது."

உள்ளே பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பது கேட்டது. பரமலிங்கம் சுற்றிப் பார்த்தார். பக்கத்துக் காணியில் நடராசாவின் வீட்டு விளக்கு இன்னும் அணையவில்லை. அவர் கதவோடு வாயை வைத்து, மெல்ல, "முரசுமோட்டை" என்றார்.

கதவு திறக்கவில்லை. உள்ளேயிருந்து இப்போது தங்கச்சியின் குரல் வந்தது.

"கடைசி வரிசைக்குக் கேக்கேல்லை அண்ணை. சத்தமாச் சொல்லுங்கோ."

பரமலிங்கம் தொண்டையைச் செருமிக்கொண்டு, நடராசாவுக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்.